அதிகாலை இரண்டு பதினேழு

ரெட் வில்லோ பல்கலைக்கழகத்தில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தால் நூறு மதிப்பெண். அந்த நிரல் வேலை செய்தால் அதில் பதினைந்து கிடைக்கும். அதை எவ்வளவு நிதானமாக எழுதினோம் என்பதற்கு அறுபது. நிதானமாக எழுதியதால் உள்ளத்தில் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்று கட்டுரை எழுதினால் மீதி இருபத்தைந்து. இந்தப் பங்கீட்டைச் செய்தது கணினித் துறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தத் துறையில் இருப்பவர்கள் நிரல் வேலை செய்கிறதா என்று பார்க்கும் பழைய ஆட்கள். இதைச் செய்தது நேர நேர்மை அலுவலகம்.

மாணவர்கள் வேலையைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடுகிறார்கள் என்று ஒரு துணைவேந்தர் கண்டுபிடித்தார். அதைத் தடுக்க உடனடியாக ஓர் அலுவலகம் வேண்டும் என்று, கண்டுபிடித்த மூன்றாம் ஆண்டு முடிவாயிற்று. இடம் கிடைக்க இன்னும் இரண்டு ஆண்டு. கடைசியில் பழைய உடற்பயிற்சிக் கட்டடத்தின் நீச்சல் குளத்தில் தண்ணீரை இறைத்துவிட்டு, அதற்குள்ளேயே மேசை நாற்காலி போட்டார்கள். ஏணி வழியாக இறங்க வேண்டும். ஆழம் குறைந்த பக்கத்தில் எழுத்தர். தரை சரிந்துகொண்டே போய், மூன்றரை மீட்டர் என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்தில் விசாரணைக் குழு. அங்கே உட்கார்ந்து பேசினால் குரல் நாலு சுவரிலும் மோதி, பேசியவரிடமே கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். குளோரின் வாடை இன்னும் போகவில்லை.

இந்த அலுவலகத்தின் பெரிய சாதனை ‘உழைப்புத் தடம்’. நிரலை ஒரே மூச்சில் எழுதக் கூடாது. சின்னச் சின்னப் படிகளாக எழுதி, ஒவ்வொரு படியையும் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றியவர் பெயர், நாள், நேரம், என்ன செய்தார் என்று ஒரு வரி. இருவராகச் சேர்ந்து செய்யும் வேலையென்றால் இரண்டு பெயரும் சமமாக வர வேண்டும்.

நான்காம் ஆண்டு மாணவன் லோவல் ஹ்ருஷ்காவுக்கும் அவன் வகுப்புத்தோழி ஓடெட் காரியேருக்கும் சேர்த்து ஒரு வேலை வந்தது. எந்த வேலையை எப்போது செய்வது என்று வரிசைப்படுத்திச் சொல்லும் நிரல் ஒன்றை இருபத்தொரு நாளில் எழுத வேண்டும். பிப்ரவரி இருபத்தேழில் கொடுத்தார்கள். மார்ச் இருபது, மாலை ஐந்து மணி கெடு.

ஓடெட் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டாள். மதியம் சாப்பிட்டதும் நூலகத்தில் உட்கார்ந்து தினமும் ஒரு மணி நேரம். அவளுக்கு இதில் ஒரு அவசியம் இருந்தது. ஆற்றங்கரையில் சேன்ட் அமேலி என்ற ஊர் அவளுடையது. அவள் பிறந்தபின் இரண்டு முறை அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் ஆறு வந்து போயிருக்கிறது. வெள்ளத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் மாகாண அலுவலகத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. ஜூன் மாதம் சேர வேண்டும். பல்கலைக்கழகத்தில் இவள் மேல் ஒரு கரும்புள்ளிகூட இல்லை என்ற கடிதம் மட்டும் பாக்கி.

லோவலும் சும்மா இருக்கவில்லை. வேலையைத் தள்ளிப்போடாமல் இருப்பது எப்படி என்று நேர நேர்மை அலுவலகம் வெளியிட்ட எண்பத்துநாலு பக்கக் கையேட்டை இரண்டு தடவை படித்தான். முக்கியமான இடங்களில் மஞ்சள் வண்ணம் தீட்டினான். எதிலிருந்து தொடங்குவது என்று மூன்று பேரிடம் ஆலோசனை கேட்டான். அதற்குள் மார்ச் பத்தொன்பது வந்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தான்; மூன்றுக்கு எழுந்தான். ஆறு மணி நேரத்தில் அவன் பங்குப் பாதி முடிந்துவிட்டது. நன்றாகவே ஓடியது. சிக்கல் அதில்தான். பதிவேட்டில் ஓடெட்டின் பெயரில் பதினெட்டு நாள் உழைப்பு, அவன் பெயரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அப்போதுதான் லோவல் தன் வாழ்நாளின் சிறந்த நிரலை எழுதினான். பதிவேட்டில் உள்ள படிகளையெல்லாம் அள்ளி, கலைத்து, இருபத்தொரு நாளுக்கும் தூவி, பெயரை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றிப் போடும் நிரல். மனித உழைப்பு மாதிரியே இருக்க வேண்டும் என்று அங்கங்கே எழுத்துப்பிழை வைத்தான். ‘நேற்று செய்ததை இன்று திருத்தினேன்’ என்று ஒரு வரி. ‘லேசான தலைவலி’ என்று ஒரு வரி. விடியற்காலை உழைப்பும் கொஞ்சம் சேர்த்தான். ஓடியபோது இரண்டு வினாடி ஆயிற்று. ஓடெட் உண்மையாக உழைத்த பதினெட்டு நாளும் அந்த இரண்டு வினாடியில் போய், அவள் பெயரில் வேறு பதினெட்டு நாள் வந்தது.

அவளுக்குத் தொலைபேசினான்.

“உன் லேப்டாப்ல இருக்கிற பழச அழிச்சிட்டு, பதிவேட்டுல இருக்கிறத புதுசா இறக்கிக்கோ. இல்லேன்னா ரெண்டும் முட்டிக்கும்.”

“ஏன், என்ன பண்ணி வச்ச?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன்.”

“நீயா? ஒழுங்கா?” என்று சிரித்தாள். அழித்தாள்.

அவன் நிரலுக்கு நாள் தெரியும், கிழமை தெரியும், தலைவலிகூடத் தெரியும். மார்ச் பன்னிரண்டாம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு, கோடைக்கால நேரத்துக்கு மாற ஆண்டுதோறும் செய்வதுபோல், நாட்டுக் கடிகாரமெல்லாம் ஒரே தாவாகத் தாவி மூன்று மணியில் போய் நிற்கும் என்பது மட்டும் தெரியாது. அந்த இரவில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. அங்கே, இரண்டு மணி பதினேழு நிமிடத்தில், ஒரு படி போய் உட்கார்ந்திருந்தது. ‘பட்டியலை வரிசைப்படுத்தினேன். லேசான தலைவலி.’ பெயர், ஓடெட் காரியேர்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ‘உங்களுக்குத் துணை நிற்க விரும்புகிறோம்’ என்று தொடங்கியது. நேர நேர்மை அலுவலகம் துணை நின்ற ஏழு பேரை அந்த ஆண்டு அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் பார்க்கவில்லை. அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளில் மற்றவர்கள் மேலங்கியைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் இருபத்தேழு, திங்கட்கிழமை, இருவரும் ஏணியில் இறங்கினார்கள். எழுத்தர் கோர்டி பென்னர் அவர்களைச் சரிவில் கீழே அனுப்பினார். பனிக்காலணி ஈரத்தில் ஓடெட்டுக்குக் கால் வழுக்கியது.

“மெதுவா போம்மா. இறங்கறப்பதான் வழுக்கும். ஏறறவங்களப் பாத்ததில்ல, அதனால அதப்பத்தி எனக்குத் தெரியாது” என்றார் பென்னர்.

குழுத்தலைவர் முனைவர் தோர்லாக்சன் எழுந்து இருவருக்கும் கை கொடுத்தார். கனிவான பெண்மணி. பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார். பக்கத்தில் ஒரு நிலவியல் பேராசிரியர். விதிப்படி வேறு துறையிலிருந்து ஒருவர் வேண்டும் என்பதற்காக அவரைப் பிடித்து வந்திருந்தார்கள்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்” என்றார் தோர்லாக்சன். “இது தண்டனை குடுக்கிற இடம் இல்ல. தண்டனைங்கிற வார்த்தையையே போன வருஷம் எங்க படிவத்துலேருந்து எடுத்துட்டோம். தண்டனை அப்படியேதான் இருக்கு. வார்த்தை போனதுல பிள்ளைங்களுக்கு ரொம்ப ஆறுதல்.”

குரல் சுவரைத் தொட்டுவிட்டு வந்து, ஆறுதல் என்று இன்னொரு தடவை சொன்னது.

“மிஸ் காரியேர், மார்ச் பன்னெண்டு, காலைல ரெண்டு பதினேழு. அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“தூங்கிட்டிருந்தேன், மேடம்.”

“அந்த நேரத்துல யாரும் தூங்கியிருக்க முடியாதும்மா. அப்படி ஒரு நேரமே இல்ல.”

“அப்படின்னா வேலையும் செஞ்சிருக்க முடியாதில்லயா?”

“அதத்தான் நாங்களும் சொல்றோம். செய்யாத வேலைய செஞ்சதா எழுதியிருக்கீங்க.”

“நான் அத எழுதவே இல்ல. அந்தப் பதிவுல எதுவுமே நான் எழுதினது மாதிரி இல்ல. எனக்குத் தலைவலியே வராது.”

“தூங்கினதுக்குச் சாட்சி இருக்கா?”

“ரூம்ல கூட ஒருத்தி இருந்தா.”

“அவங்க ரெண்டு பதினேழுக்கு முழிச்சிருந்தாங்களா?”

ஓடெட் வாயைத் திறந்தாள். “அந்த நேரமே இல்லைன்னீங்களே.”

“ஆக, சாட்சி இல்ல” என்றார் தோர்லாக்சன், வருத்தத்தோடு. மேலே பென்னர் தட்டச்சுச் செய்யும் ஓசை கேட்டது.

நிலவியல் பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “எங்க பாறையில சில இடத்துல நாப்பது கோடி வருஷம் காணோம். நாங்க யாரையும் கூப்பிட்டு விசாரிச்சதில்ல. இங்க ஒரு மணி நேரம்தானே?”

“பேராசிரியர் இந்த விஷயத்தோட தீவிரத்த நல்லா உணர்ந்திருக்கார்” என்று தோர்லாக்சன் சொல்ல, அதுவும் தட்டச்சாயிற்று.

பிறகு லோவல் பக்கம் திரும்பினார். 

“உங்க தடத்த நான் தனியா உக்காந்து படிச்சேன், மிஸ்டர் ஹ்ருஷ்கா. என்ன ஒரு நிதானம். அந்த எழுத்துப்பிழையெல்லாம்கூட எவ்வளவு உண்மையா இருக்கு. இப்படி ஒரு பிள்ளைக்குக் கூட்டாளி அமைஞ்ச விதம் பாருங்க.”

ஓடெட் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகத்தோடு அல்ல. உன்னையும் இழுத்துவிட்டேனே என்கிற மாதிரி.

“மேடம், அந்த நேரத்த ஒருவேளை மெஷின் ஏதாவது...” என்று லோவல் தொடங்கினான்.

“மெஷின் தப்பு பண்ணாது. மெஷினுக்குத் தள்ளிப்போடற பழக்கம் இல்ல. நேர்மையா உழைச்சாங்களாங்கிறத கண்டுபிடிக்கவே முடியாது, மிஸ்டர் ஹ்ருஷ்கா. நாங்க அதுல இறங்கறதே இல்ல. நேர்மையா உழைச்ச மாதிரி பதிவு இருக்கா, அவ்வளவுதான். அது இருந்துட்டா நாட்டுக்கு ஒரு நல்ல குடிமகன் கிடைச்சாச்சு.”

முடிவு ஒத்திவைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் யாராவது ‘பொறுப்பேற்பு அறிக்கை’ கொடுத்தால் பொறுப்பு அவருடையது, மற்றவர் மேல் கரும்புள்ளி விழாது. யாரும் கொடுக்காவிட்டால் பதிவில் யார் பெயரோ அவர் மேல் விழும். கிளம்பும்போது தோர்லாக்சன் மறுபடி கை கொடுத்தார். இந்த முறை ஓடெட்டின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

லோவல் அன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். உண்மையாகவே முடிவு செய்தான். செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு தேர்வு இருந்தது. தேர்வுக்கு முன்னால் சொல்வது முறையல்ல என்று பட்டது. தேர்வு முடிந்ததும் அவள் களைத்திருந்தாள். புதன்கிழமை மதியம் உணவுக்கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கு வைத்து அவித்த கொழுக்கட்டை அன்றைய உணவு. சூப் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று லோவல் காத்திருந்தான்.

“டேய், நான் தூக்கத்துல நடக்கிறவளாடா?” என்றாள் ஓடெட்.

“இல்ல. ஏன்?”

“அப்பாகிட்ட நேத்து கேட்டேன். சின்ன வயசுல ஒரு தடவ எழுந்து போய் ஃபிரிட்ஜத் தொறந்து வச்சிட்டு நின்னேனாம். அப்படின்னா எழுந்து பட்டியலையும் வரிசைப்படுத்தியிருப்பேனோ?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “அந்தப் பதிவ நாலு தடவ படிச்சேன், லோவல். அஞ்சாவது தடவ படிக்கிறப்ப எனக்கே தலை வலிக்க ஆரம்பிச்சிடுச்சு.”

“அது அவங்க குழப்பம். உன் தப்பில்ல.”

“பழசு என் லேப்டாப்ல இருந்திருந்தா தூக்கிக் காட்டியிருப்பேன். நீ சொன்னேன்னு அழிச்சேன் பாரு. உன்ன மாதிரி சோம்பேறியா இருந்திருந்தா இன்னும் அழிக்காம வச்சிருப்பேன், தப்பிச்சிருப்பேன்.”

லோவல் தம்ளரை எடுத்தான். தண்ணீர் குடித்தான். அவள் எழுந்து தட்டைக் கொண்டுபோய் வைக்கும்வரை குடித்துக்கொண்டே இருந்தான்.

“ஊர்ல ஆத்து மேல ஐஸ் இன்னும் ரெண்டு அடி இருக்காம்” என்றாள் மேலங்கியை மாட்டியபடி. “அது உருகறப்ப இந்த வருஷம் வெள்ளம் மோசமா வரும்னு அப்பா சொல்றார். ஜூன்ல நான் அங்க உக்காந்திருந்தா அடுத்த வருஷமாவது நாலு நாள் முன்ன சொல்லலாம்.”

வியாழக்கிழமை கடும் பனிப்புயல். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு லோவல் தனியாக ஏணியில் இறங்கி, பென்னரிடம் பொறுப்பேற்பு அறிக்கைப் படிவம் கேட்டான். ஒரு மணி நேரம் கையில் இருந்தது. என்ன எழுதுவது என்று மனப்பாடமே ஆகியிருந்தது. மூன்று வரிதான்.

பென்னர் ஒன்பது பக்கம் கொடுத்தார்.

“நிதானமா எழுதுப்பா. ஒரு நாளைக்கு ஒரு பகுதி. அஞ்சு நாள் தடம் இருக்கணும்.”

“எதுக்குத் தடம்?”

“குற்றவுணர்ச்சிக்கு. கடைசி நேரத்துல வர்ற குற்றவுணர்ச்சிய மேடம் ஏத்துக்கறதில்ல. முதல் நாள் மறுப்பு, ரெண்டாம் நாள் உறுத்தல், அப்படியே படிப்படியா வரணும். மூணாவது பக்கத்துல போட்டிருக்கு பாரு.”

“இன்னைக்கு அஞ்சு மணிதானே கெடு?”

“ஆமா. திங்கக்கிழமையே வாங்கியிருந்தா சரியா இருந்திருக்கும்.” பென்னர் குரலைத் தாழ்த்தினார். “எல்லாரும் வெள்ளிக்கிழமைதான் தம்பி வருவாங்க. திங்கக்கிழமை படிவம் வாங்க வந்த ஒருத்தரக்கூட நான் பாத்ததில்ல. இந்த ஆபீஸ் தொடங்கின வருஷத்துலேருந்து நான் இங்கதான் இருக்கேன்.”

லோவலின் மடிக்கணினியில் அந்த நிரல் இன்னும் இருந்தது. ஐந்து நாள் குற்றவுணர்ச்சியை இரண்டு வினாடியில் தூவிவிடும். பென்னருக்கே அது தெரிந்திருக்கலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். லோவல் படிவத்தின் முதல் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டான். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஐந்து நாளும் ஏணி இறங்கி, ஐந்து நாளும் எழுதினான். நாலு ஆண்டுப் படிப்பில் அவன் படிப்படியாகச் செய்த ஒரே வேலை அது. ஓடெட்டிடம் மட்டும் சொல்லவில்லை. முடிவு வந்ததும் மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

ஏப்ரல் ஆறாம் தேதி அவனை மட்டும் கூப்பிட்டார்கள். தோர்லாக்சனின் கண் கலங்கியிருந்தது.

“இந்த அலுவலகம் தொடங்கினதுலேருந்து இப்படி ஒரு அறிக்கைய நான் படிச்சதில்ல. ஞாயித்துக்கிழமை நீங்க எழுதின பக்கத்த என் கணவருக்குப் படிச்சுக் காட்டினேன். அடுத்த வருஷக் கையேட்டுல சேக்கப்போறோம். பேர் போட மாட்டோம்.”

“அப்ப ஓடெட் மேல ஒண்ணும் இல்லயே, மேடம்?”

“அங்கதான் ஒரு சின்ன விஷயம். அறிக்கை நாலு நாள் தாமதம். தாமதமா வர்ற எந்த ஆவணத்துக்கும் நாளுக்குப் பத்து விழுக்காடு கழிவு. ஆக, நாப்பது போச்சு. குற்றத்துல அறுபது விழுக்காட்ட உங்க பேர்ல ஏத்துக்கிட்டோம்.”

“மிச்சம்?”

“மிச்ச நாப்பது ஏற்கெனவே எங்க இருந்துதோ அங்கயே இருக்கு.”

லோவல் நாற்காலியின் நுனிக்கு வந்தான். “மேடம், முழுசும் நான்தான் பண்ணேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. அந்த ஒன்பது பக்கத்துலயும் அதத்தான் எழுதியிருக்கேன்.”

“அத நாங்க நம்பறோம். அறுபது விழுக்காடு நம்பறோம்.” தலையைச் சாய்த்தார். “நம்ம எல்லாருக்கும் முழுசா நம்பணும்னு ஆசைதான். நேரத்துக்கு வந்திருந்தா நம்பியிருக்கலாம்.”

நிலவியல் பேராசிரியர் மேசையைப் பார்த்தபடி கேட்டார். “நாப்பது விழுக்காடு குற்றம்னா அந்தப் பொண்ணு என்னதான் பண்ணினதா அர்த்தம்?”

“அது எங்க வரம்புல வராது” என்றார் தோர்லாக்சன்.

அறுபது அந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சி மதிப்பெண். குற்றத்தை ஏற்றுக்கொள்வதில் லோவல் தேர்ச்சி பெற்றுவிட்டதால் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். மே மாதம் பட்டம் உண்டு. ஓடெட்டுக்கும் பட்டம் உண்டு. அவள் கோப்பில் மட்டும் ஒரு வரி சேர்ந்தது. ‘பதிவு முறைகேட்டில் பகுதிப் பொறுப்பு.’

மறுநாள் மதியம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் லோவல் அவளிடம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம், இரண்டு வினாடி நிரல், அழிக்கச் சொன்னது, ஒன்பது பக்கம்.  அவள் காலடியில் ஊருக்குப் போகும் பை இருந்தது. ஒன்றேகால் பேருந்துக்குப் பத்து நிமிடம்.

“உனக்கு எப்ப தெரியும்?” என்றாள்.

“கடிதம் வந்த அன்னைக்கே.”

“கொழுக்கட்டை சாப்பிட்ட அன்னைக்கு?”

“தெரியும்.”

“எங்க அப்பா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னார்டா. தூக்கத்துல நடக்கிறதுக்கு.” அவள் குரல் உயரவில்லை. “நானே சரின்னேன்.”

வெளியே கூரை விளிம்பிலிருந்து பனி உருகிச் சொட்டியது. அந்த ஆண்டின் முதல் சொட்டு.

“வெள்ள ஆபீசுக்குக் காலைல போன் பண்ணேன்” என்றாள். “அந்த ஒரு வரிய வச்சிக்கிட்டு எடுக்க முடியாதுன்னாங்க. செஞ்சவங்க யாராவது எழுத்துல சொன்னா யோசிக்கறோம்னாங்க. அங்க ஒரு அம்மா, மிசஸ் தாண்டுரா. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன், அப்புறம் அடுத்த ஆளக் கூப்பிடணும்னாங்க. செஞ்சது யாருன்னு அப்ப எனக்குத் தெரியாது. உனக்காவது தெரியுமான்னு கேக்கத்தான் இங்க வரச்சொன்னேன்.”

“எழுதறேன். இன்னைக்கே எழுதறேன். நீ கிளம்பு, பஸ் வந்துடும். ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அனுப்பிடறேன்.”

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். ஓடெட் அதைப் பார்த்தாள். பிறகு பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள். பேருந்து கதவை மூடிக்கொண்டு சேற்றுப் பனியை வாரியடித்துக்கொண்டு போயிற்று.

“எழுது” என்றாள்.

“இங்கயா?”

“இங்கதான்.”

லோவல் மடிக்கணினியைத் திறந்தான். வெள்ளைத் திரை வந்தது. ‘மதிப்புக்குரிய மிசஸ் தாண்டுரா’ என்று அடித்தான். அடுத்த வரியை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தான். முதலில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டால் ஓட்டமாக வரும் என்று தோன்றியது. வரிசையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினான்.

ஓடெட் எழுந்து வந்து, அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.